எல்வா ஆற்றின் ஸ்டீல்ஹெட்: அணைக்குப் பின்னால் காத்திருந்த மீன்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒலிம்பிக் மலைகளில் பிறந்து, வடக்கே ஹுவான் டி ஃபூகா நீரிணையில் போய்ச் சேர்கிற ஆறு எல்வா. நீளம் சுமார் 72 கிலோமீட்டர்தான். இந்தச் சின்ன ஆற்றின் குறுக்கே இரண்டு அணைகள் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு நின்றன. 2011 முதல் 2014 வரை இரண்டையும் இடித்து எடுத்தார்கள்.

இடிக்கும்போது எல்லார் கண்ணும் சினூக் சால்மன் மேலும், குளிர்காலத்தில் ஆறு ஏறும் ஸ்டீல்ஹெட் மேலும்தான் இருந்தது. கோடையில் ஏறும் ஸ்டீல்ஹெட் அந்த ஆற்றில் ஏறத்தாழ அற்றுப்போய்விட்டது என்றே நினைத்திருந்தார்கள். அணை போய்ச் சில ஆண்டுகளில், மேல் எல்வாவின் ஆழமான மடுக்களில் ஸ்நார்க்கல் மாட்டிக்கொண்டு மீன் எண்ணப் போனவர்கள் கோடை ஸ்டீல்ஹெட்டை நூற்றுக்கணக்கில் பார்த்தார்கள். பொரிப்பகத்தில் யாரும் அதை வளர்க்கவில்லை. லாரியில் கொண்டுவந்து விடவும் இல்லை. அப்படியானால் அது எங்கிருந்து வந்தது?

இந்தக் கட்டுரை முழுக்க அந்தக் கேள்வியைப் பற்றியதுதான். பதிலைப் புரிந்துகொள்ள, முதலில் இந்த மீனின் பிழைப்பு எப்படிப்பட்டது என்று தெரிய வேண்டும்.

பெயர் இரண்டு, மீன் ஒன்று

ஸ்டீல்ஹெட் என்று தனியாக ஓர் இனம் கிடையாது. ரெயின்போ டிரவுட் என்று நாம் சொல்கிற அதே மீன்தான். அறிவியல் பெயர் ஆன்கோரின்கஸ் மைகிஸ். ஊட்டிக்குப் பக்கத்தில் அவலாஞ்சியில் வெள்ளைக்காரர் காலத்தில் பொரிப்பகம் வைத்து நீலகிரி ஓடைகளில் விட்டார்களே, அந்த ரெயின்போ டிரவுட்டும் இதே இனம். நீலகிரியில் அது வந்தேறி மீன். அதன் சொந்த ஊர் ரஷ்யாவின் கம்சாட்காவில் தொடங்கி, அலாஸ்கா வழியாக மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியா வரை பசிபிக் கடலோரமாக வளைந்து கிடக்கிற ஆறுகள். ‘மைகிஸ்’ என்ற சொல்லே கம்சாட்கா மக்கள் அந்த மீனைக் கூப்பிட்ட பெயரிலிருந்து வந்தது.

ஒரே தாய்க்குப் பிறந்த குஞ்சுகளில் சில, பிறந்த ஓடையிலேயே வாழ்ந்து முடித்துவிடும். அவற்றை ரெயின்போ டிரவுட் என்கிறோம். சில கடலுக்குப் போய்ப் பெருத்துத் திரும்பும். அவைதான் ஸ்டீல்ஹெட். ஓடையிலேயே இருந்தது முழங்கை நீளத்தைத் தாண்டுவதே பெரிது. கடலுக்குப் போனது சாதாரணமாக 3 முதல் 5 கிலோ எடையோடு திரும்பும். 10 கிலோவைத் தாண்டுவதும் உண்டு. கடலில் இருக்கும்போது உடம்பு வெள்ளியாகவும் முதுகும் தலையும் நீலம் கலந்த எஃகு நிறத்திலும் இருப்பதால் இந்தப் பெயர். ஆற்றுக்குள் வந்து சில வாரங்கள் ஆனதும் வெள்ளி மங்கி, பக்கவாட்டில் ரெயின்போ டிரவுட்டின் சிவப்புப் பட்டை மறுபடியும் எழும்பி வரும்.

எது போகும், எது தங்கும் என்பதை ஒற்றைக் காரணம் தீர்மானிப்பதில்லை. மரபணுவுக்குப் பங்கு உண்டு. ஓடையின் குளிர்ச்சி, கிடைக்கிற இரை, குஞ்சு வளர்கிற வேகம் எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. ஆணா பெண்ணா என்பதும் முக்கியம். பெண் மீனுக்கு உடம்பு பெருத்தால் முட்டை கூடும், அதனால் கடல் பயணத்தின் ஆபத்துக்கு ஏற்ற பலன் உண்டு. ஆணுக்கு அந்தக் கட்டாயம் குறைவு. ஆகவே கடலுக்குப் போகிறவற்றில் பெண்கள் அதிகம், ஓடையில் தங்குகிறவற்றில் ஆண்கள் அதிகம். ஸ்டீல்ஹெட் தம்பதிக்குப் பிறந்தது டிரவுட்டாகத் தங்கிவிடலாம். டிரவுட் தம்பதிக்குப் பிறந்தது கடலுக்குக் கிளம்பிவிடலாம். இந்தக் கடைசி வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், எல்வா கதையின் முடிச்சே அதில்தான் இருக்கிறது.

கூழாங்கல்லிலிருந்து கடல்வரை

குளிர்காலம் முடிந்து வசந்தம் வருகிறபோது பெண் ஸ்டீல்ஹெட் இடம் தேடும். மடு முடிந்து தண்ணீர் மேடேறிச் சலசலக்கத் தொடங்குகிற விளிம்புதான் அதற்குப் பிடித்த இடம். அங்கே தண்ணீர் கூழாங்கற்களின் மேலே மட்டுமில்லாமல் இடுக்குகளுக்குள்ளும் புகுந்து ஓடும். பெண் மீன் ஒருக்களித்துப் படுத்து வாலால் படுகையை ஓங்கி அடிக்கும். கல் எழும்பும், இடையில் இருந்த சேற்றை ஓட்டம் அள்ளிக்கொண்டு போகும், கழுவிய கல் சற்றுக் கீழே போய் விழும். இப்படியே அடித்து அடித்து ஒரு குழி. அவ்வப்போது குழிக்குள் இறங்கி, அடிப்பக்கத் துடுப்பை விறைப்பாக நிறுத்தி ஆழம் பார்க்கும். போதும் என்று தோன்றினால் ஆண் பக்கத்தில் வந்து உடம்பை ஒட்டி நடுங்கும். இரண்டும் வாய் பிளக்க, ஆரஞ்சு நிற முட்டைகளும் வெள்ளை விந்தும் ஒரே சமயத்தில் வெளிப்படும். சில விநாடிகளில் முடிந்துவிடும். அந்த விநாடிகளுக்குள் ஒரு கையளவு டிரவுட் ஆண் கல்லிடுக்கிலிருந்து பாய்ந்து வந்து தன் பங்கையும் சேர்த்துவிட்டு ஓடிவிடுவதும் உண்டு. அப்புறம் பெண் மீன் குழிக்குச் சற்று மேலே போய் மறுபடி வாலால் அடிக்கும். எழும்பும் கல் முட்டைகளை மூடிவிடும், புதுக் குழியும் தயாராகிவிடும்.

ஒரு பெண் மீன் சில ஆயிரம் முட்டைகள் இடும். தண்ணீர் 10 டிகிரி செல்சியஸ் இருந்தால் ஏறக்குறைய ஒரு மாதத்தில் பொரியும். பொரிந்த குஞ்சு உடனே வெளியே வராது. வயிற்றில் தொங்கும் கருவுணவுப் பையைத் தின்று தீர்க்கும்வரை சில வாரங்கள் கல்லுக்குள்ளேயே இருட்டில் கிடக்கும். இந்த நாட்களில்தான் சேறு அதற்கு எமன். மேலே காடு வெட்டி, சாலை போட்டு, மண் கரைந்து வந்து கல்லிடுக்குகளை அடைத்துவிட்டால் முட்டைக்கும் குஞ்சுக்கும் மூச்சு போகாது.

வெளியே வந்த குஞ்சு ஓரத்து மெல்லோட்டத்தில் பூச்சி பிடித்துத் தின்னும். விரலளவு வளர்ந்ததும் பக்கவாட்டில் கருநீலப் புள்ளிகள் வரிசையாக விழும். ஓடையின் நிழலில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்க அது உதவும். மற்ற சால்மன் குஞ்சுகள் பல சில மாதங்களிலேயே கடலுக்குப் போய்விடும். ஸ்டீல்ஹெட் குஞ்சோ 1 முதல் 3 ஆண்டுகள், பெரும்பாலும் 2 ஆண்டுகள், ஓடையிலேயே இருக்கும். இரண்டு கோடையின் வெக்கை, இரண்டு குளிர்காலத்தின் வெள்ளம் எல்லாவற்றையும் அது தாண்ட வேண்டும். ஆகவே கோடையில் தண்ணீர் வற்றினாலோ, கரையோர மரம் போய் வெயில் இறங்கினாலோ முதல் அடி இந்த மீனுக்குத்தான் விழும்.

பிறகு ஒரு வசந்தத்தில் உடம்பே மாறும். புள்ளிகள் மறைந்து வெள்ளி பூசிக்கொள்ளும். உடல் ஒல்லியாகும். அதுவரை நன்னீருக்குள் உப்பைச் சேமித்துக்கொண்டிருந்த செவுள்கள் உப்பை வெளியே தள்ளும் வேலைக்கு மாறிக்கொள்ளும். ஓட்டத்தை எதிர்த்து நின்ற மீன் ஓட்டத்தோடு இறங்கத் தொடங்கும். கடலுக்குள் போனதும் கரையோரமாகத் தங்காமல் வேகவேகமாக வட பசிபிக்கின் நடுக்கடலுக்கும் அலாஸ்கா வளைகுடாவுக்கும் போய்விடும். கணவாய், சிறு மீன், கூனி என்று தின்று 1 முதல் 3 ஆண்டுகள் அங்கே வளரும். அதன் பிறகு பிறந்த ஆற்றின் வாசனையைப் பிடித்துத் திரும்பும்.

பசிபிக் சால்மன் இனங்கள் முட்டையிட்டதும் செத்துவிடும். ஸ்டீல்ஹெட் அப்படியில்லை. முட்டையிட்டு, எலும்பும் தோலுமாய்ப் பின்னோக்கி மிதந்து, மறுபடி கடலுக்குப் போய்த் தேறி, மறு ஆண்டோ அதற்கு அடுத்த ஆண்டோ திரும்பி வரலாம். எல்லாமும் பிழைப்பதில்லை, பல ஆறுகளில் பத்தில் ஒன்று வந்தாலே பெரிது. வருகிறவற்றில் பெண்களே அதிகம்.

இவ்வளவும் நமக்கு எப்படித் தெரியும்? செதில்தான் சொல்கிறது. ஒரு செதிலை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தால் மரத்தின் ஆண்டு வளையம் போல வளையங்கள் தெரியும். நடுவில் நெருக்கமான மெல்லிய வளையங்கள் இருக்கும். அது இரை குறைந்த ஓடை வாழ்க்கை. திடீரென்று வளையங்கள் அகன்று விரியும், அது கடல். முட்டையிட்டுப் பிழைத்த மீனாக இருந்தால் விளிம்பு அரித்துப்போன மாதிரி ஒரு தழும்பு வளையம் இருக்கும். ஆற்றில் பட்டினி கிடந்தபோது உடம்பு செதிலின் சுண்ணாம்பையே கரைத்துத் தின்ற தடயம் அது. ஒரு மீனின் மொத்த வரலாறும் நகக்கண் அளவு செதிலில் அடங்கியிருப்பதை முதல்முறை படித்தபோது எனக்கு மெய் சிலிர்த்தது.

மீன் ஏற வழியில்லாமல் கட்டிய அணைகள்

எல்வாவின் கீழ்ப்பகுதி காலங்காலமாகக் கிளாலம் பழங்குடி மக்களின் ஊர். அவர்கள் உலகம் பிறந்த இடமாக நம்புகிற கல்லும் அந்த ஆற்றங்கரையில்தான் இருக்கிறது. 1855-ல் அமெரிக்க அரசுடன் அவர்கள் செய்துகொண்ட பாயிண்ட் நோ பாயிண்ட் உடன்படிக்கை, வழக்கமான இடங்களில் மீன் பிடிக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு என்று எழுதி வைத்தது.

தாமஸ் ஆல்ட்வெல் என்பவர் முன்னின்று 1910-ல் எல்வா அணை வேலையைத் தொடங்கினார். இடம், ஆறு கடலில் சேரும் இடத்திலிருந்து வெறும் 8 கிலோமீட்டர் மேலே. அணையின் அடித்தளத்தைப் பாறைவரை கொண்டுபோகவில்லை. 1912 அக்டோபர் 31 அன்று அடியில் தண்ணீர் பீறிட்டு அடித்தளம் பெயர்ந்து வெள்ளம் பாய்ந்தது. பாறையும் மரமும் மண்ணும் கொட்டி ஓட்டையை அடைத்து 1913-ல் அணையை முடித்தார்கள். உயரம் 33 மீட்டர். ஆறு கடலில் சேரும் இடத்திலிருந்து சுமார் 21 கிலோமீட்டர் மேலே கிளைன்ஸ் பள்ளத்தாக்கில் 64 மீட்டர் உயரத்துக்கு இன்னோர் அணை 1927-ல் வந்தது. இரண்டு அணைகளிலும் எடுத்த மின்சாரம் போர்ட் ஏஞ்சலஸ் ஊருக்கும் அங்கிருந்த மர, காகித ஆலைகளுக்கும் போனது.

இரண்டிலும் மீன் ஏறிப் போக ஏணி கிடையாது. சட்டம் இல்லாததால் அல்ல. மீன் ஏறும் ஆறுகளில் அணை கட்டினால் மீனுக்கு வழி விட வேண்டும் என்று வாஷிங்டன் மாநிலச் சட்டம் 1890-லேயே சொல்லியிருந்தது. ஆனால் மாநில மீன்வள ஆணையர் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார். ஏணிக்குப் பதிலாக அணையடியில் ஒரு பொரிப்பகம் கட்டிக்கொடுத்தால் போதும் என்றார். பொரிப்பகம் வந்தது. 1922-ல் அதைக் கைவிட்டுவிட்டார்கள். ஏணியும் இல்லை, பொரிப்பகமும் இல்லை, அணை மட்டும் நின்றது.

கடலிலிருந்து வருகிற மீனுக்கு 110 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆறும் ஓடைகளும் ஒரே நாளில் இல்லாமல் போயின. மிச்சம் கிடைத்தது 8 கிலோமீட்டர். அந்த 8 கிலோமீட்டரிலும் கூழாங்கல் நாளுக்கு நாள் குறைந்தது. மலையிலிருந்து வர வேண்டிய கல்லும் மணலும் அணைக்குப் பின்னால் தேங்கிவிட்டதால், கீழே ஆற்றுப்படுகை பெரிய பெரிய கல்லாக மட்டும் மிஞ்சியது. மீன் வாலால் அடித்தால் அசையாத கல். கடற்கரையும் மணல் வரத்து இல்லாமல் அரித்துப்போனது. அதோடு பழங்குடியினர் சிப்பி பொறுக்கிய இடங்களும் போயின.

நமக்கும் இது புதிய கதையில்லை. கடலிலிருந்து காவிரியில் ஏறிப் போய்க்கொண்டிருந்த உல்லம் மீன், அணைக்கட்டுகளும் மேட்டூர் அணையும் வந்தபின் மேலே போக வழியற்று நின்றதை நம் மீன்வள வரலாறும் எழுதி வைத்திருக்கிறது.

இடித்தது எப்படி

1986-ல் கீழ் எல்வா கிளாலம் பழங்குடியினர் அணை உரிம விசாரணையில் தங்களையும் சேர்க்கச் சொல்லிப் போனார்கள். கிளைன்ஸ் அணை இருந்த இடம் 1938-ல் உருவான ஒலிம்பிக் தேசியப் பூங்காவுக்குள் வந்துவிட்டதால் சட்டச் சிக்கல் வேறு இருந்தது. சுற்றுச்சூழல் அமைப்புகளும் சேர்ந்துகொண்டன. 1992-ல் எல்வா மீட்புச் சட்டம் அமெரிக்கக் காங்கிரஸில் நிறைவேறி, மூத்த ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்டார். அதற்கப்புறமும் காத்திருப்புதான். 2000-ல் 29.5 மில்லியன் டாலர் கொடுத்து அணைகளை அரசு வாங்கியது. நகருக்கும் ஆலைகளுக்கும் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்ட இன்னும் பத்தாண்டு. கடைசியில் மொத்தத் திட்டச் செலவு சுமார் 325 மில்லியன் டாலர்.

2011 செப்டம்பரில் இடிப்பு தொடங்கியது. எல்வா அணை 2012 மார்ச்சுக்குள் போய்விட்டது. கிளைன்ஸ் அணை சுலபமில்லை. இரண்டு நீர்த்தேக்கங்களிலும் சேர்த்துச் சுமார் 2.1 கோடி கன மீட்டர் வண்டல் தேங்கிக் கிடந்தது, அதில் பெரும்பகுதி கிளைன்ஸ் அணைக்குப் பின்னால். ஒரேயடியாகத் திறந்தால் ஆறு சேறாகிவிடும். எனவே மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி, வண்டலைத் தவணையில் விட்டார்கள். மீன் ஏறுகிற, இறங்குகிற மாதங்களில் வேலையை நிறுத்தினார்கள். அப்படியும் 2012 இலையுதிர் காலத்தில் இலையும் சேறும் சேர்ந்து தண்ணீர் எடுக்கும் நிலையத்தை அடைத்துவிட்டன. ஓராண்டு வேலை நின்றது. 2014 ஆகஸ்டில்தான் கடைசித் துண்டை வெடி வைத்து எடுத்தார்கள்.

முதல் ஐந்தாண்டில் வெளியேறிய வண்டல் சுமார் 2 கோடி டன். அதில் பெரும்பங்கு கடலுக்குப் போனது. முகத்துவாரத்தில் புது மணல் திட்டுகளும் கழிமுகக் கரையும் உருவாயின. அரித்துக் கல்லாகக் கிடந்த கடற்கரையில் மணல் வந்து உட்கார்ந்தது. நீர்த்தேக்கம் வற்றியதும் கிளாலம் மக்களின் படைப்புத் தலமான அந்தக் கல் 2012-ல் வெளியே வந்தது. பாட்டிமார் சொல்லக் கேட்டு மட்டுமே வைத்திருந்த கல்லை, நூறு ஆண்டு கழித்து அவர்கள் பேரன் பேத்திகள் தொட்டுப் பார்த்தார்கள்.

மீனுக்கு இந்த ஆண்டுகள் கடும் சோதனை. ஆறு சாக்லேட் நிறத்தில் ஓடியது. இதை முன்பே எதிர்பார்த்து, ஏறி வந்த ஸ்டீல்ஹெட், கோஹோ என்ற சால்மன் சிலவற்றைப் பிடித்து, இரு அணைகளுக்கும் நடுவில் வந்து சேரும் லிட்டில் ரிவர், இந்தியன் க்ரீக் என்ற தெளிந்த கிளையோடைகளில் கொண்டுபோய் விட்டார்கள். கீழ் அணை போன முதல் வசந்தத்திலேயே ஸ்டீல்ஹெட் தானாகவும் லிட்டில் ரிவரைத் தேடிப்போனது. கலங்கிய பேராற்றில் மூச்சுத் திணறும் மீன் தெளிந்த ஓடையின் வாயைக் கண்டுபிடித்துத் திரும்பிவிடுகிறது. பெரிய ஆற்றை மீட்கிறவர்கள் கிளையோடைகளை முதலில் காப்பாற்றி வைக்க வேண்டும் என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல சாட்சி இல்லை.

அணை போனபிறகும் ஒரு தடை மிஞ்சியது. கிளைன்ஸ் பள்ளத்தாக்கில் பாறைகள் சரிந்து விழுந்து, மீன் தாண்ட முடியாத இடுக்கு உண்டானது. சில மீன்கள் 2014-லேயே தாண்டிப்போயின என்றாலும் பல திணறின. அந்தப் பாறைகளையும் வெடி வைத்து உடைத்த பிறகே வழி ஒழுங்கானது.

கோடை மீன் எங்கிருந்து வந்தது

ஸ்டீல்ஹெட்டில் இரண்டு வகை ஏற்றம் உண்டு. குளிர்கால மீன் முட்டை முதிர்ந்த நிலையில் நவம்பருக்கும் ஏப்ரலுக்கும் இடையில் ஆற்றுக்குள் வந்து சில வாரங்களில் முட்டையிடும். கோடை மீனோ முட்டை முதிராமலே, உடம்பில் கொழுப்போடு மே முதல் அக்டோபர்வரை வந்து, மலைக்குள் ஆழமான குளிர்ந்த மடுக்களில் பல மாதங்கள் ஏறக்குறைய ஒன்றும் தின்னாமல் காத்திருந்து அடுத்த வசந்தத்தில் முட்டையிடும்.

வீணாகக் காத்திருப்பது போலத் தோன்றும். ஆனால் அதில் ஒரு கணக்கு இருக்கிறது. மேல் எல்வாவில் ரிக்கா, கிராண்ட், கார்ல்சன் என்று குறுகிய செங்குத்துப் பள்ளத்தாக்குகள் உண்டு. எல்லாக் காலத்திலும் அவற்றைத் தாண்ட முடியாது. பனி உருகி நீர்மட்டம் சரியாக இருக்கிற கொஞ்ச நாட்களில், உடம்பில் தெம்போடு வருகிற மீன்தான் மேலே போகும். மற்ற மீன் எட்டாத உச்சி ஓடைகள் அதற்குச் சொந்தமாகும். கீழே 8 கிலோமீட்டரில் அடைத்துவிட்டால் இந்த மீனுக்கு அந்த ஆற்றில் வேலையே இல்லை. அதனால்தான் அணைக் காலத்தில் முதலில் அழிந்தது கோடை மீன்.

முட்டை முதிருமுன்னே ஆறு ஏறும் இந்த வழக்கத்தை, மீனின் 28-ஆம் குரோமோசோமில் உள்ள ஒரு சின்னப் பகுதி பெரிதும் தீர்மானிக்கிறது என்று 2016, 2017-ஐ ஒட்டி வெளிவந்த மரபணு ஆய்வுகள் காட்டின. கிரெப்1எல் என்ற மரபணு இருக்கும் பகுதி அது. அதன் ‘முந்தி வருகிற’ வடிவம் ஓர் ஆற்றிலிருந்து முழுவதும் அழிந்துவிட்டால், குளிர்கால மீன்களிலிருந்து அது தானாக மறுபடி முளைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது என்பதுதான் இந்த ஆய்வுகளின் கசப்பான செய்தி.

சரி, எல்வாவுக்கு வருவோம். 1913-ல் கீழ் அணை அடைத்தபோது, மேலே இருந்த ஓடைகளில் இந்த இனத்தின் மீன்கள் இருந்துகொண்டுதான் இருந்தன. கடலுக்குக் கிளம்பி அணை தாண்டி விழுந்த குஞ்சுகள் திரும்பி மேலே வர முடியாது. தங்கியவை ரெயின்போ டிரவுட்டாகத் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தன. நான்கு ஆண்டுக்கு ஒரு தலைமுறை என்று வைத்தாலும் ஏறக்குறைய இருபத்தைந்து தலைமுறை. கடலைக் காணாத மீனுக்கு அந்த ‘முந்தி வருகிற’ மரபணு வடிவத்தால் பெரிய நன்மையும் இல்லை, பெரிய கெடுதலும் இல்லை; எனவே அது அப்படியே உள்ளுக்குள் கிடந்தது. அணைக்கு முந்திய, பிந்திய மாதிரிகளை ஒப்பிட்டு 2021-ல் வெளிவந்த ஆய்வு, மேலே அடைபட்டிருந்த டிரவுட்டில் அந்த வடிவம் நூறு ஆண்டு தாண்டியும் அழியாமல் இருந்ததைக் காட்டியது. அணை போனதும் மேலும் கீழுமான மீன் கூட்டங்கள் கலக்கத் தொடங்கியதையும் அதே ஆய்வு பதிவு செய்தது.

வேறு ஆறுகளிலிருந்து வழிதவறி வந்த மீன்களும் கலந்திருக்கலாம், அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனாலும் விதை உள்ளூரிலேயே இருந்தது. ஓடையில் ஈ பிடித்துத் தின்றுகொண்டிருந்த டிரவுட்டின் உடம்புக்குள், பசிபிக் போய்வரும் வழக்கம் நூறு ஆண்டுகள் பத்திரமாக இருந்தது. வழி திறந்த சில ஆண்டுகளில் அதன் குஞ்சுகள் கிளம்பிப் போய், 60, 70 சென்டிமீட்டர் நீளத்துக்கு வளர்ந்து, பாட்டன் பூட்டன் காத்திருந்த அதே மடுக்களுக்கு வந்து நின்றன.

இங்கே எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு, சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் கடல் போய்வரும் ஸ்டீல்ஹெட்டை ஒரு துறையும், ஓடையில் தங்கும் டிரவுட்டை இன்னொரு துறையும் பார்க்கின்றன. 2006-க்குப் பிறகு அழியும் இனச் சட்டத்தின் கீழ் ஸ்டீல்ஹெட் கூட்டங்களைப் பட்டியலிடும்போது கடல் போய்வரும் வடிவத்தை மட்டுமே எடுத்துக்கொள்கிறார்கள். எல்வாவையும் சேர்த்துப் பியூஜெட் சவுண்ட் என்ற உள்கடல் பகுதியின் ஸ்டீல்ஹெட் 2007-ல் ‘அச்சுறுத்தலுக்கு உள்ளானது’ என்று பட்டியலில் ஏறியபோதும் அப்படித்தான். தாய் ஒரு பட்டியலில், மகள் இன்னொரு பட்டியலில். கடலுக்குப் போகும் வழக்கத்தை நூறு ஆண்டு காப்பாற்றி வைத்தது பட்டியலுக்கு வெளியே நின்ற டிரவுட்தான் என்பதை எல்வா காட்டிவிட்டது. அணைகளுக்கு மேலே அடைபட்டிருக்கும் எல்லா ரெயின்போ டிரவுட்டையும் ‘வெறும் டிரவுட்’ என்று தள்ளிவிடுவது, விதை நெல்லை அரைத்துத் தின்பது போல. மேலே வேற்றூர்ப் பொரிப்பகக் குஞ்சுகளைக் கொட்டி அந்த விதையைக் கலப்படம் செய்வது அதைவிட மோசம்.

பொரிப்பகமா, ஆறா

எல்வாவில் பெரிய சண்டை இதன்மேல்தான் நடந்தது. சேறு ஓடும் ஆண்டுகளில் எல்வாவுக்கே உரிய குளிர்கால ஸ்டீல்ஹெட் அற்றுப்போய்விடக்கூடாது என்று பழங்குடியினர் தங்கள் பொரிப்பகத்தில் அதைக் காப்பாற்றி வைத்தார்கள். அதில் நியாயம் இருக்கிறது. உடன்படிக்கை உரிமை கையில் இருந்தும் நூறு ஆண்டு மீனை இழந்தவர்கள் அவர்கள். ஆனால் சேம்பர்ஸ் க்ரீக் என்ற வேற்றூர் வகை ஸ்டீல்ஹெட்டையும் விடுவது பற்றிய திட்டம் இருந்தது. காட்டு மீன் பாதுகாப்பு அமைப்புகள் 2012-ல் நீதிமன்றம் போயின. அந்த வேற்றூர் வகை கைவிடப்பட்டது.

என் கணிப்பில் அது சரியான முடிவு. ஓரிகனின் ஹுட் ஆற்று ஸ்டீல்ஹெட்டை வைத்து 2007-ல் வெளிவந்த ஆய்வு, பொரிப்பகத்தில் வளர்க்கும் ஒவ்வொரு தலைமுறைக்கும், இயற்கை ஆற்றில் இனம்பெருக்கும் திறன் ஏறக்குறைய 40 சதவீதம் குறைகிறது என்று காட்டியது. தொட்டியில் தீனி போட்டால் ஓடிவரும் குஞ்சு அங்கே ஜெயிக்கும். அதே குணம் ஓடையில் அதை மீன்கொத்திக்குக் காட்டிக் கொடுக்கும். நெருக்கடி ஆண்டுகளுக்குச் சொந்த ஆற்று மீனை வைத்துப் பொரிப்பகம் நடத்தலாம். ஆறு தேறியதும் நிறுத்தத் தெரிய வேண்டும். கோடை ஸ்டீல்ஹெட் ஒரு பொரிப்பகக் குஞ்சும் இல்லாமல் தானே எழுந்து நின்றதைப் பார்த்தபிறகாவது.

ஆற்றுக்கு வெளியே

எல்வா குஞ்சுகளுக்கு ஓர் அதிர்ஷ்டம். ஆறு நேராக நீரிணையில் விழுகிறது, பெருங்கடல் பக்கம். பியூஜெட் சவுண்டுக்குள் விழும் ஆறுகளின் குஞ்சுகள் படும் பாடு வேறு. அந்த உள்கடலின் ஒரு கிளையான ஹுட் கனாலில் மிதவைப் பாலத்தின் அடியில் தெப்பங்கள் சுவர் மாதிரி இறங்கி நிற்பதால் குஞ்சுகள் அங்கே திகைத்து நின்று, காத்திருக்கும் சீல்களுக்கும் பறவைகளுக்கும் இரையாகின்றன. அந்தப் பாலத்தை எட்டுகிற குஞ்சுகளில் பாதிவரை அங்கேயே செத்துவிடும் ஆண்டுகளும் உண்டு. டயர் தேய்ந்து மழைநீரோடு ஓடைக்கு வரும் 6பிபிடி-குவினோன் என்ற நஞ்சு கோஹோவைக் கொல்வது 2020-ல் தெரியவந்தது. ஸ்டீல்ஹெட்டும் அதைத் தாங்காது. தெற்கே கலிஃபோர்னியாவில் வறட்சியும் அணைகளும் சேர்ந்து, 1997-லேயே தென் கலிஃபோர்னிய ஸ்டீல்ஹெட்டை ‘அழியும் நிலை’ப் பட்டியலில் கொண்டுபோய்ச் சேர்த்தன.

எல்வாவுக்குப் பிறகு அணை எடுப்பது கனவில்லை என்று ஆகிவிட்டது. கார்மல் ஆற்றில் சான் கிளெமென்டே அணை 2015-ல் போனது. கிளாமத் ஆற்றில் நான்கு அணைகள் 2024-க்குள் போய்விட்டன, அந்த இலையுதிர் காலத்திலேயே சினூக் மேலே ஓரிகன்வரை ஏறிவிட்டது.

மீன் திரும்பினால் அதோடு என்னென்ன திரும்பும் என்பதற்கு எல்வாவில் ஒரு சிறு பறவையைப் பார்த்தார்கள். டிப்பர் என்று பெயர். ஓடைக்குள் முங்கி, அடியில் நடந்து பூச்சி பொறுக்கும் சாம்பல் நிறப் பறவை. அது இடம்பெயர்ந்து தூரம் போகாது, கடலைப் பார்த்ததே இல்லை. ஆனால் கடல் மீன் ஏறிவரும் ஓடைகளில் வாழும் டிப்பரின் இரத்தத்தில் கடலின் சத்து இருந்தது. முட்டையும் மீன் உடலும் ஓடைக்குள் கொண்டுவந்த சத்து அது. அங்கே வாழும் பறவைகள், மீன் எட்டாத ஓடைகளின் பறவைகளைவிட நன்றாகத் தேறியிருந்தன. ஒரே பருவத்தில் இரண்டு தடவை கூடு கட்டுவதும் கூடுதலாக இருந்தது.

அணை இடிப்பு தொடங்கிய 2011-ல் எல்வாவில் மீன்பிடி முழுவதும் நிறுத்தப்பட்டது. பழங்குடியினரும் தங்கள் உரிமையைத் தாங்களே ஒதுக்கி வைத்துக் காத்திருந்தார்கள். 2023 அக்டோபரில், பன்னிரண்டு ஆண்டு கழித்து, சடங்குக்கும் வீட்டுச் சாப்பாட்டுக்கும் மட்டும் என்று கோஹோ பிடிக்க ஆற்றுக்குள் இறங்கினார்கள். ஸ்டீல்ஹெட்டுக்கு அன்று அனுமதி இல்லை. அந்த மாதம் கோடை ஸ்டீல்ஹெட் மேலே மலைக்குள், மடுக்களின் அடியில், வசந்தத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தது.